போரடிக்குதா... ஒரு புள்ளி வைங்க பாஸ்!

'சமூக சேவை'னு சொன்னதும் உங்க மனசுல என்ன படம் ஓடுது பாஸ்? வெள்ளத்துல படகு ஓட்டுறது, நடுராத்திரியில ரத்தம் கொடுக்க பைக்ல பறக்குறது, மைக் பிடிச்சு ஊரையே திருத்துறது... கரெக்டா? பின்னணியில பி.ஜி.எம். வேற அடிச்சு தூள் கிளப்புமே!

நிஜம் கொஞ்சம் வேற மாதிரி. ரத்த தான முகாம்ல பத்துப் பேர் படுத்து ரத்தம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, யாரோ ஒருத்தர் உட்கார்ந்து முந்நூறு பேரோட பேரு, வயசு, ரத்த வகையை நோட்டுல எழுதியிருப்பார். நிவாரண லாரி கிளம்புறதுக்கு முன்னாடி, யாரோ நாலு பேர் பழைய துணி மூட்டையைப் பிரிச்சு, கிழிஞ்சது ஒரு பக்கம், உடுத்துறது ஒரு பக்கம்னு தும்மிக்கிட்டே தரம் பிரிச்சிருப்பாங்க. பார்வையற்ற மாணவருக்கு பரீட்சை எழுதிக்கொடுக்கப் போறவங்க, மூணு மணி நேரம் சொந்தமா ஒரு வார்த்தைகூடச் சேர்க்காம, அவர் சொல்றதை மட்டும் எழுதணும். எதுக்கும் பி.ஜி.எம். கிடையாது. கைத்தட்டல் கிடையாது. வாய் நிறைய கொட்டாவிதான்!

இந்தக் கட்டுரை அந்தக் கொட்டாவி வேலைகளைப் பத்தி. அதுல ஏதாச்சும் அர்த்தம் இருக்கா, இல்ல 'சேவை'ங்கிற பேர்ல நம்ம ஞாயித்துக்கிழமையை யாரோ ஆட்டையைப் போடுறாங்களா... பார்த்துடலாம் வாங்க!

240 மணி நேரம்!

முதல்ல நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச என்.எஸ்.எஸ். கணக்கு. காந்தி நூற்றாண்டான 1969-ல, செப்டம்பர் 24-ம் தேதி, 37 பல்கலைக்கழகங்கள்ல 40,000 மாணவர்களோட ஆரம்பிச்ச திட்டம் இது. 'எனக்காக அல்ல, உனக்காக'ங்கிறதுதான் அதோட தாரக மந்திரம். அதுல சேர்ற ஒரு தொண்டர் வருஷத்துக்கு 120 மணி நேரம் வீதம், ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் வேலை பார்க்கணும். கூடவே 7 நாள் சிறப்பு முகாம்.

அந்த 240 மணி நேரத்துல எத்தனை மணி நேரம் நிஜமாவே உழைச்சோம், எத்தனை மணி நேரம் ரிஜிஸ்டர்ல மட்டும் உழைச்சோம்னு உங்க மனசாட்சியைக் கேட்டுக்கோங்க. நான் சொல்ல வர்றது வேற. மேலோட்டமா 'கேம்ப் முடிஞ்சது, சர்ட்டிஃபிகேட் வந்தது'ன்னு போயிடுற அந்த 240 மணி நேரத்துல, ரெண்டு பழைய தமிழ்ப் புத்தகங்களை அழியாம காப்பாத்த முடியும்னு சொன்னா நம்புவீங்களா? கணக்கைக் கடைசியில சொல்றேன். ஸ்கிப் பண்ணாம வாங்க!

லாசேன்ல இருந்து ஒரு 'மதுரை'

1998-ம் வருஷப் பொங்கல். கம்ப்யூட்டர்ல தமிழ் எழுதுறதே பெரிய சர்க்கஸா இருந்த காலம். ஒருத்தர் ஒரு ஃபான்ட்ல அடிச்சு அனுப்பினா, இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல அது கட்டம் கட்டமா, கிறுக்கல் கிறுக்கலா தெரியும். அந்த நேரத்துல, சுவிட்சர்லாந்தோட லாசேன் நகரத்துல வேலை பார்த்த வேதியியல் விஞ்ஞானி முனைவர் கு.கல்யாணசுந்தரம் ஒரு விஷயத்தை ஆரம்பிச்சார். பேரு 'மதுரைத் திட்டம்'. பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, உலகத்துல யாரு வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கலாம்னு இணையத்துல வெக்கிறது. முதல் எண் போட்ட நூல், நம்ம திருக்குறள்.

இதுல யாருக்கும் சம்பளம் கிடையாது. அமெரிக்காவுல ஒருத்தர், சிங்கப்பூர்ல ஒருத்தர், நம்ம ஊர்ல ஒருத்தர்னு ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, புத்தகத்தைப் பக்கத்துல விரிச்சு வெச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா அடிச்சாங்க. அடிச்சதை வேற ஒருத்தர் வரி வரியா சரிபார்த்தாங்க. சரி, முடிஞ்சதான்னு பார்த்தா, உலகம் யூனிகோடுக்கு மாறிடுச்சு. பழைய கோப்புகளை எல்லாம் புது எழுத்துமுறைக்கு மாத்துற வேலை தலையில விழுந்துச்சு. அதையும் செஞ்சாங்க. இப்ப அங்கே 500-க்கும் அதிகமான நூல்கள் இருக்கு. நீங்க கூகுள்ல ஒரு சங்கப் பாட்டைத் தேடி, ரெண்டு செகண்ட்ல கண்டுபிடிச்சு, காலேஜ் தமிழ் மன்றப் போட்டியில கலக்கினீங்கன்னா, பின்னாடி இப்படி ஒருத்தரோட ராத்திரித் தூக்கம் இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

மதுரைத் திட்டக் கோப்பு ஒண்ணைத் திறந்து பாருங்க. மேலேயே, அடிச்சது யாரு, மெய்ப்பு பார்த்தது யாருன்னு பேர் இருக்கும். அந்த முகப்பைச் சிதைக்காம வெச்சிருந்தா, யாரு வேணும்னாலும் கோப்பைப் பகிரலாம்ங்கிறதுதான் அவங்க வெக்கிற ஒரே கண்டிஷன். கூலி இல்லாத வேலைக்கு ஒரு வரி மரியாதை!

இதுக்கு முன்னோடி அமெரிக்காவுல இருக்கு. 1971 ஜூலை 4-ம் தேதி, இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஹார்ட், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை கம்ப்யூட்டர்ல அடிச்சு வெச்சதுதான் 'குட்டன்பர்க் திட்ட'த்தோட தொடக்கம். பத்தாவது நூலைத் தொட்டப்போ வருஷம் 1989. பதினெட்டு வருஷத்துல பத்தே நூல்! நம்மள்ல யாரா இருந்தாலும் மூணாவது மாசமே 'மச்சி, இது வேலைக்கு ஆகாது'ன்னு கழண்டிருப்போம். அவர் கழலலை. இன்னிக்கு அங்கே 70,000-க்கும் மேல நூல்கள் இருக்கு.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்?

'இது எல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வேலை'ன்னு நினைச்சா, அதுதான் இல்லை. ஓலைச்சுவடியை எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தாலும் சில நூறு வருஷத்துல பூச்சி அரிச்சிடும், பொடிஞ்சிடும். அப்ப ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பாடின பாட்டு நம்ம கைக்கு எப்படி வந்துச்சு? ஒரு ஓலை பொடியறதுக்குள்ள ஒருத்தர் உட்கார்ந்து புது ஓலையில எழுத்தாணியால படி எடுத்திருக்கார். அது பொடியறதுக்குள்ள இன்னொருத்தர். அப்புறம் இன்னொருத்தர். முந்நூறு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சாக்கூட ஏழு கை மாறியிருக்கணும். அதுல ஒரே ஒருத்தர் 'ச்சே, போர்'னு எழுத்தாணியைக் கீழே போட்டிருந்தா, சங்கிலி கட்!

அந்த ஆட்கள் பேரு நமக்குத் தெரியாது. அவங்களுக்குக் கிடைச்சது பாராட்டு இல்லை, 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான். பாடினவன் பாட்டைக் கெடுத்தான்'ங்கிற பழமொழிதான்! பாவம்ல?

அந்தச் சங்கிலியோட கடைசிக் கண்ணியைப் பிடிச்சவர்தான் நம்ம உ.வே.சாமிநாதையர். சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898... இந்த வருஷங்களைப் பார்த்தா சாதனைப் பட்டியல் மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி, ஊர் ஊரா ஓலை தேடி அலைஞ்சதும், ஒரே நூலோட பல சுவடிகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு 'இதுல இப்படி இருக்கு, அதுல அப்படி இருக்கு'ன்னு வித்தியாசம் குறிச்சதும்தான் இருக்கு. ஓலையில மெய்யெழுத்துக்குப் புள்ளி வெக்கிற வழக்கம் இல்லை. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். எது எதுன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் படிக்கணும். தமிழ்த் தாத்தாவோட வாழ்க்கையில பெரும்பகுதி, சுத்தமான புரூஃப் ரீடிங்!

பரலா... பாலா?

இப்ப நம்ம கதைக்கு வருவோம். நான் திருத்தங்கல்காரன். சிவகாசிக்குப் பக்கத்து ஊர். 2021-ல சிவகாசி மாநகராட்சி ஆனப்போ எங்க ஊரும் அதுல ஐக்கியமாயிடுச்சு. இன்ஜினீயரிங் படிக்கிறேன். லீவு நாள்ல 'விக்கிமூலம்' தளத்துல மெய்ப்பு பார்க்கிறேன். விக்கிப்பீடியாவோட சகோதரத் தளம் அது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் 2,000-க்கும் மேல அங்கே ஸ்கேன் வடிவத்துல வந்து உட்கார்ந்திருக்கு.

வேலை இதுதான்: ஸ்கிரீன்ல ஒரு பக்கம் பழைய புத்தகத்தோட படம். இன்னொரு பக்கம், அந்தப் படத்தை மெஷின் படிச்சுக் கொடுத்த எழுத்து. ரெண்டையும் ஒப்பிட்டு, தப்பைத் திருத்தணும். யாரும் தொடாத பக்கம் சிவப்பு. ஒருத்தர் திருத்தினா மஞ்சள். வேற ஒருத்தர் மறுபடி சரிபார்த்தா பச்சை. நீங்களே மஞ்சளாக்கி நீங்களே பச்சையாக்க முடியாது. அங்கே நோ சீட்டிங்!

தப்புன்னா எப்படிப்பட்ட தப்பு? சாம்பிள் பாருங்க. 'கல்வி'யில ஒரு புள்ளி போச்சுன்னா 'கலவி'. பாடப்புத்தகம் வேற ரேஞ்சுக்குப் போயிடும்! 'மணம்' 'மனம்' ஆகும். 'கொடி' 'கோடி' ஆகும். எல்லாத்துக்கும் மேல, கண்ணகி உடைச்ச சிலம்புல இருந்து தெறிச்சது மாணிக்கப் பரல். மெஷின் 'ர'வைத் துணைக்கால்னு படிச்சா அது 'மாணிக்கப் பால்'! ஒரு எழுத்துல பாண்டியனோட தீர்ப்பே தலைகீழ். 1978-ல வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின புத்தகம்னா இன்னும் கஷ்டம். கொம்பு வெச்ச 'லை', 'னை' எல்லாம் மெஷினுக்கு ஏதோ யானைப் படம் மாதிரி தெரியும்.

'அதான் ஏ.ஐ. இருக்கே பாஸ்!'னு நீங்க கேட்கிறது காதுல விழுது. நியாயமான கேள்வி. மெஷின் உதவி இல்லைன்னா இந்த வேலை நகரவே நகராது, உண்மை. ஆனா மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம். தெரியாத சொல்லைப் பார்த்தா, தனக்குத் தெரிஞ்ச சொல்லா மாத்திட்டு, ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். பழைய நூல்ல இருக்கிற அருமையே அந்தத் தெரியாத சொல்தானே? அது தப்பா, இல்ல வழக்கொழிஞ்ச சொல்லான்னு படத்தைப் பார்த்து முடிவு பண்ண, இன்னும் ஒரு ஜோடிக் கண்ணு வேணும்.

எங்கம்மா கேட்ட கேள்வி

எங்க ஊர்ல 'போரடிக்குது'ன்னு சொன்னா சிரிப்பாங்க. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு... மூணுமே ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யிற தொழில். எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினவங்க. வரிசை வரிசையா குச்சியைச் சொருகிக்கிட்டே இருக்கணும். எத்தனை கட்டையோ, அத்தனைக்குக் கூலி. இன்னிக்கும் தெருவுல பாதிப் பேர் காலையில பயர் ஆபீஸ் வண்டி ஏறுறவங்கதான்.

அம்மா ஒருநாள் என் பக்கத்துல வந்து உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்தாங்க. "ஏய்யா, இந்த ஒரு பக்கத்துக்கு எம்புட்டுத் தருவாங்க?"

"ஒண்ணும் தர மாட்டாங்கம்மா."

"அப்ப எதுக்குய்யா கண்ணைக் கெடுத்துக்கிடுத?"

இதுக்கு 'தமிழ்த் தொண்டு'ன்னு டயலாக் விட முடியாது. ஏன்னா அம்மா கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. அவங்க குச்சி அடுக்கினதுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு: சாயங்காலம் அரிசி வரும். கூலி இல்லாம உட்கார்ந்து போரடிக்கிறதே ஒரு வசதிதான். என் சாப்பாட்டுக்கு வேற யாரோ உழைக்கிறதாலதான் நான் இதைச் செய்ய முடியுது. வயித்துப்பாட்டுக்காகச் செய்யிற வேலையையும், நாம விரும்பிச் செய்யிற வேலையையும் ஒரே தராசுல வெச்சு 'சலிப்புலயும் சுகம்'னு தத்துவம் பேசுறது அநியாயம்.

அதனால அம்மாவுக்குப் பதில் சொல்லாம, ஒரு பாட்டோட அர்த்தத்தைச் சொன்னேன். எங்க ஊரோட பழைய பேரு தங்கால். சிலப்பதிகாரத்தோட கட்டுரை காதையில வர்ற ஊர். சங்கப் புலவர்கள்லயே தங்கால் முடக்கொற்றனார், தங்கால் பொற்கொல்லனார்னு எங்க ஊர்ப் பேரைச் சுமக்கிறவங்க இருக்காங்க. பொற்கொல்லனார் பேருலயே தொழில் இருக்கு: தங்க வேலை செய்யிறவர். அவர் பாட்டு புறநானூத்துல 326-வதா இருக்கு. ராத்திரி நேரம். காட்டுப்பூனைக்குப் பயந்து ஒரு கோழி அலறுது. அந்த நேரத்துலயும் தூங்காம பஞ்சு வேலை பார்க்கிற ஒரு பொம்பளை, சின்னதா விளக்கு ஏத்தி வெச்சிருக்கா. அந்த வெளிச்சத்துல தன்னோட சேவல் நிக்கிறதைப் பார்த்ததும் கோழி அமைதியாகுது.

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. "நம்ம ஊருக்காரரா எழுதினாரு? ராத்திரி வேலை பாக்குற பொம்பளையப் பத்தியா?"ன்னு கேட்டாங்க. அப்புறம், "சரி, லைட்டப் போட்டுக்கிட்டுப் பாரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரு பெண்ணோட ராத்திரி வேலை, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்த எங்கம்மா காதுக்கு வந்து சேர்ந்துச்சு. நடுவுல எத்தனை பேர் ஓலையில கீறினாங்க, உ.வே.சா. எத்தனை சுவடி புரட்டினார், யாரோ எத்தனை ராத்திரி டைப் அடிச்சாங்க! அந்தச் சங்கிலியில என் பங்கு ஒரு புள்ளியா இருந்தாலும் போதும்னு தோணுச்சு. அர்த்தம் வேலை பார்க்கும்போது தெரியாது பாஸ். முன்னாடி யார் இருந்தாங்க, பின்னாடி யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சா மட்டும்தான் தெரியும்.

பின்னாடி யாரு? பார்வையற்ற மாணவர்களை எடுத்துக்கோங்க. ஸ்கேன் பண்ணின படத்தை ஸ்கிரீன் ரீடர் நேரடியா வாசிக்காது. எழுத்தா மாத்தினாதான் சத்தமா வாசிக்கும். 'கல்வி'யைக் 'கலவி'ன்னு விட்டா, அப்படியேதான் வாசிக்கும்! இலங்கையைப் பாருங்க. 1981-ல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டப்போ சுமார் 97,000 புத்தகங்கள் சாம்பலாச்சு. 2005-ல தொடங்கின 'நூலகம்' திட்டத்துல, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி இணையத்துல ஏத்துறாங்க. ஸ்கேனர் மூடியைத் திறந்து மூடுறதைவிட மொக்கையான வேலை உண்டா? ஆனா, அதைவிட முக்கியமான வேலை உண்டா?

மொக்கையிலும் ரெண்டு வகை!

அதுக்காக, போரடிக்கிற எல்லா வேலையும் புனிதம்னு நான் சொல்ல வரலை. போன வருஷம் வெச்ச குழியிலயே இந்த வருஷமும் மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துட்டு, தண்ணி ஊத்த ஆள் இல்லாம காயவிடுறதும் 'சேவை'ங்கிற கணக்குலதான் வருது. எது உருப்படின்னு கண்டுபிடிக்க மூணு கேள்வி கேளுங்க.

1. இந்த வேலை நடக்கலைன்னா யாருக்கு நஷ்டம்? 'யாருக்கும் இல்லை'ன்னா, ஜூட்!

2. நீங்க செஞ்சது அடுத்த வருஷம் நிக்குமா? கன்றுக்குத் தண்ணி ஊத்த ஆள் இருக்கா, எழுதின லிஸ்ட்டை யாராச்சும் திறந்து பார்க்கிறாங்களா?

3. நீங்க செஞ்சதை வேற யாராச்சும் சரிபார்க்கிறாங்களா? சரிபார்க்க ஆள் இருந்தா, அந்த வேலையை யாரோ மதிக்கிறாங்கன்னு அர்த்தம்.

மூணுக்கும் 'ஆமா'ன்னா, கொட்டாவி விட்டுக்கிட்டே செய்யுங்க. தப்பே இல்லை!

கொட்டாவியைச் சமாளிக்க...

* ஒரேயடியா அம்பது பக்கம் வேணாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதோட எந்திரிச்சிடுங்க.

* உங்க ஊர் சம்பந்தப்பட்ட நூல், இல்ல உங்களுக்குப் பிடிச்ச சப்ஜெக்ட் நூலை எடுங்க. தெரிஞ்ச பேர் வர்றப்போ தூக்கம் கலையும்.

* ஃப்ரெண்டோட ஜோடி சேருங்க. நீங்க மஞ்சளாக்கினதை அவன் பச்சையாக்கட்டும், அவன் மஞ்சளை நீங்க பச்சையாக்குங்க. நீங்க விட்டதை அவன் கண்டுபிடிச்சா டீ உங்க செலவு!

* கண்ணுல பட்ட எந்தப் புத்தகத்தையும் ஏத்திடாதீங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி, எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை உண்டு. அது முடிஞ்ச நூல், இல்ல நாட்டுடைமை ஆன நூல்தான் சேஃப்.

* சில நாள் ஒரு அர்த்தமும் தோணாது. வெறும் பக்கம்தான், வெறும் புள்ளிதான். அன்னிக்கும் ஒரு பக்கம் முடிச்சிடுங்க. ஓலையில கீறினவங்களுக்கும் அப்படிப்பட்ட நாள் இருந்திருக்கும்.

கடைசியில சொல்றேன்னு சொன்ன கணக்கு இதோ. ஒரு பக்கம் ஒழுங்கா மெய்ப்பு பார்க்க சுமாரா 20 நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு மூணு பக்கம். 240 மணி நேரத்துக்கு 720 பக்கம். 300 பக்கப் புத்தகம்னா ரெண்டு முழு நூல், கையில 120 பக்கம் மிச்சம்! ஒரு கிளாஸ்ல அறுபது பேரும் இறங்கினா, நூத்து இருபது நூல். ஒரு டிபார்ட்மென்ட் முழுக்க இறங்கினா, ஒரு சின்ன நூலகமே எழும்பிடும்.

உங்க பேருக்கு யாரும் சிலை வெக்க மாட்டாங்க. அதிகபட்சம், ஒரு சிவப்புப் பக்கம் மஞ்சளாகும். எங்கேயோ, என்னிக்கோ, முகம் தெரியாத ஒருத்தர் ஒரு சொல்லைத் தேடும்போது அது சரியான எழுத்தோட வந்து நிக்கும். அவருக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கும் அவரைத் தெரியாது. கணக்கு சரியாப் போச்சு!

அடுத்த ஞாயித்துக்கிழமை... முதல் இருபது நிமிஷம். என்ன பாஸ், எந்தப் பக்கம் எடுக்குறீங்க?